ஆய்வுக்காகச் சொன்ன ரகசியத்தை நீதிமன்றம் மதிக்குமா?

தென்னிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சர்வதேச உறவுகள் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரையும் அவர் பேசிய மனிதர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இலங்கையின் வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையை எப்படி அணுகுகின்றன என்பது அவருடைய தலைப்பு. இரண்டு ஆண்டுகளில் 41 பேரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். அவர்களில் 27 பேர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் 2017 தொடக்கத்திலிருந்து சாலையோரக் கொட்டகைகளில் உட்கார்ந்து போராடும் தாய்மார். மீதி 14 பேர் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாமில் இருப்பவர்கள். எல்லோரிடமும் துறை கொடுத்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். "உங்கள் அடையாளமும் நீங்கள் சொல்வதும் முழுக்க ரகசியமாகக் காக்கப்படும்" என்று அதில் ஒரு வரி உண்டு.

முகாமில் ஒருவர் தன் அண்ணனைத் தேடுகிறவர். பேச்சின் நடுவே, கேட்காமலேயே, வேறொன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். 2008 கடைசியில் புலிகள் தன்னைக் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டதையும், பிறகு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடிக்கும் குழுவில் நிறுத்தியதையும் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 19. தான் பிடித்துக் கொடுத்த 16 வயதுப் பையன் தப்பி ஓடப் பார்த்தபோது இன்னொருவர் சுட்டுவிட்டார் என்றும், புதைத்தவர்களில் தானும் ஒருவன் என்றும், இடம் இன்றும் நினைவில் இருக்கிறது என்றும் பதிவில் இருக்கிறது. முடிவில், "பிள்ளை, இது வெளியில போகாதுதானே?" என்று கேட்டிருக்கிறார். போகாது என்று வாசகி சொல்லியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. அந்த வாக்குறுதி சட்டத்தின் முன் நிற்குமா? மூலப் பதிவுகளைத் தங்கள் காப்பகத்தில் வைத்தால் ஆய்வு உதவித்தொகை தருவதாக ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் சொல்கிறது. அங்கே கொடுத்தால் பாதுகாப்பா? "அந்த ஒரு ஃபைலை அழித்துவிட்டு மறந்துவிடு" என்கிறார் நெறியாளர், செய்யலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூன்று கேள்விகளுக்கும் ஒரு வழக்கறிஞராக என்னால் பதில் சொல்ல முடியும். ஆனால் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரியில் நீங்கள் தாண்டிப் போன விஷயம்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வாக்குறுதியின் பலம்

நேராகச் சொல்லிவிடுகிறேன். "முழுக்க ரகசியம்" என்று உறுதி தரும் சட்ட அதிகாரம் உங்களுக்கு இல்லை. உங்கள் துறைக்கும் இல்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதை இந்தியச் சாட்சியச் சட்டம் பாதுகாக்கிறது. பழைய சட்டத்தில் 126-ஆம் பிரிவாக இருந்தது, 2023-இன் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 132-ஆம் பிரிவு. ஆய்வாளரிடம் சொல்வதற்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கொடுத்திருப்பதால் பதிவுகளை யாரும் கேட்க முடியாது என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆய்வுமுறை சரி என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது என்பதற்கு மேல் அந்த ஒப்புதலுக்குப் பொருள் இல்லை. விசாரணைக்குத் தேவை என்றால் ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ கொண்டுவரச் சொல்லி குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவில் நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ ஆணையிட முடியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. தனி மனிதரான உங்களிடம் சொன்னதற்கு அந்தத் தடை இல்லை. பலவீனமான சாட்சியம் என்றுதான் நீதிமன்றங்கள் இதைக் கருதும், ஆனாலும் சாட்சியம்தான். அந்த மனிதர் போலீஸிடம் சொல்லியிருந்தால்கூடக் கிடைத்திருக்கும் ஒரு பாதுகாப்பு உங்களிடம் சொன்னபோது கிடைக்கவில்லை.

"நடந்தது வேறு நாட்டில், இங்கே யார் கேட்கப் போகிறார்கள்" என்ற உங்கள் ஆறுதலையும் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கிறது. கொலை உள்ளிட்ட சில கடுமையான குற்றங்களைப் பற்றித் தெரிந்த எவரும், தகுந்த காரணம் இல்லாவிட்டால், அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 33. இந்தியாவுக்கு வெளியே நடந்து, இங்கே நடந்திருந்தால் குற்றமாகியிருக்கும் செயலும் அதில் அடங்கும் என்று அதே பிரிவு சொல்கிறது. சுட்டவர் இன்னொருவர், உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 15 ஆண்டுக்கு மேல் பழைய ஒரு சம்பவத்தைப் பற்றிய பேச்சு என்ற நிலையில் "தகுந்த காரணம்" என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பாஸ்டனில் நடந்தது

ஐரோப்பியக் காப்பகத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் துறையில் நுழையும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டு வன்முறை 1998 ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. 2001 முதல் 2006 வரை, அதில் ஆயுதம் ஏந்திய இரு தரப்பினர் 40-க்கும் மேற்பட்டவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவு செய்தது ஒரு திட்டம். பத்திரிகையாளர் எட் மொலோனி அதை நடத்தினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பின் தரப்பு நேர்காணல்களைச் செய்தவர் ஆந்தனி மெக்கிண்டயர். அவரே முன்னாள் ஐ.ஆர்.ஏ. கைதி, முனைவர் பட்டம் பெற்றவர். பதிவுகள் எல்லாம் கடல் கடந்து அமெரிக்காவில் பாஸ்டன் காலேஜ் நூலகத்துக்குப் போயின. பேசியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் அனுமதியில்லாமல் எதுவும் வெளியே வராது என்பது வாக்கு. திட்டத்தை நடத்தியவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் "அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற சொற்கள் இருந்தன. பேசியவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் அந்தச் சொற்கள் இல்லை.

பேசியவர்களில் ஒருவரான பிரெண்டன் ஹியூஸ் 2008-இல் இறந்தார். 2010-இல் அவர் பேசியது வெளியாயிற்று. 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் வீட்டிலிருந்து ஐ.ஆர்.ஏ.வால் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட, பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கான்வில் பற்றி அதில் இருந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் (ஒரு நாட்டின் குற்ற விசாரணைக்கு இன்னொரு நாடு ஆதாரம் திரட்டித் தரும் ஏற்பாடு) வழியே பதிவுகளைக் கேட்டது. அமெரிக்க அரசே தன் நாட்டுக் கல்லூரிக்குச் சம்மன் அனுப்பியது. ஆய்வு ரகசியம் என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் நிராகரித்தது. பிறகு கல்லூரி தனியாகப் போராடி, 85 நேர்காணல் பதிவுகள் என்றிருந்ததை 2013-இல் 11 ஆகக் குறைத்தது. அந்த 11 போயே விட்டன. 2014-இல், ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமாகக் கருதப்பட்ட சின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸைக் கைது செய்து நான்கு நாள் விசாரித்து, வழக்குப் பதியாமல் விட்டார்கள். மக்கான்வில் கொலை தொடர்பாக ஐவர் பெல் என்ற முதியவர் மீது வழக்கே நடந்தது.

2019-இல் அந்த வழக்கில் நீதிபதி பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். ரகசியம் என்று பொய்யான உறுதி கொடுத்ததால், பேசியவர் கட்டுப்பாடு இல்லாமல் மிகைப்படுத்தவோ திரித்துச் சொல்லவோ இடம் இருந்தது. அதனால் நம்ப முடியாது என்றார். காக்க முடியாத வாக்குறுதி பேசியவர்களையும் காப்பாற்றவில்லை, மக்கான்வில்லின் பிள்ளைகளுக்கும் நீதி தரவில்லை.

இப்போது உங்கள் பதிவுகளுக்கு வருவோம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே குற்றவியல் விஷயங்களில் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் 2010-இல் கையெழுத்தாயிற்று. ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அந்த நாட்டுச் சட்டமும் அந்த நாட்டு ஒப்பந்தங்களும் உங்கள் பதிவுகள் மேல் வந்து உட்காரும். அங்கே சம்மன் வந்தால் பல்கலைக்கழகம் தன் வழக்கறிஞர் சொல்வதைத்தான் கேட்கும். முகாமில் இருப்பவர் யாரென்றே அதற்குத் தெரியாது. இதையெல்லாம் விட எளிமையான தடை ஒன்று உண்டு. அந்த 41 பேரில் எவரும் தங்கள் குரல் ஐரோப்பாவுக்குப் போவதற்குச் சம்மதிக்கவில்லை. உதவித்தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூலப் பதிவுகளைக் கொடுக்காதீர்கள். சம்மதிப்பவர்களிடம் மட்டும் புதிதாக, எங்கே போகிறது, யார் கேட்கலாம் என்று சொல்லி வாங்கிய ஒப்புதலோடு, திருத்திய எழுத்துவடிவத்தை மட்டும் கொடுக்கலாம்.

பதிவுகளை ஜெனீவாவில் ஐ.நா.வுக்குக் கொடுப்பதற்கும் இதே பதில்தான். 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. தாய்மாரிடம் அதைப் பற்றிச் சொல்லுங்கள். விரும்புகிறவர்கள் தாங்களே கொடுப்பார்கள். அவர்கள் சார்பில் நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

பெயரை மாற்றினால் போதுமா

மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பியிருந்தீர்கள். பெயர் இருந்த இடத்தில் "தா-7" என்று போட்டிருக்கிறீர்கள். கீழே படித்தால், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் மருமகனை இராணுவத்திடம் கையளித்தவர், மகள் அப்போது நிறைமாதம், கணவர் ஊர்க் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தவர், வலது கையில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அந்தக் கிராமத்தில் இதைப் படிக்கும் யாரும் "தா-7" யார் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஊர்க்காரரைத் தவிர வேறு யாரும் உங்கள் ஆய்வேட்டை அவ்வளவு கவனமாகப் படிக்கப் போவதில்லை, கண்காணிக்கிறவர்களைத் தவிர. ஒருவரைப் பற்றிய விவரங்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். வாதத்துக்குத் தேவைப்படாத விவரத்தை எடுத்துவிடுங்கள். பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள பட்டியலைப் பதிவுகள் இருக்கும் அதே லேப்டாப்பில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

அடுத்த முறை இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது போனிலோ பென் டிரைவிலோ ஒரு பதிவுகூட இருக்கக் கூடாது. பயங்கரவாதக் குற்றம் பற்றித் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்கிறது அந்த நாட்டின் 1979-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. அந்த மனிதரின் பேச்சை வைத்துக்கொண்டு அங்கே போவது உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து.

அழித்துவிடலாமா

உங்கள் நெறியாளர் உங்கள் மேலுள்ள அக்கறையில் சொல்லியிருக்கலாம். ஆனால் சட்டம் இங்கே நேரத்தைப் பார்க்கிறது. விசாரணை எதுவும் இல்லாத நிலையில், ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்கும் கால எல்லைப்படி எல்லாப் பதிவுகளையும் நீக்குவது ஒழுங்கான நடைமுறை. சாட்சியமாகக் கேட்கப்படலாம் என்று தெரிந்த பிறகு, கேட்க முடியாதபடி செய்வதற்காக ஒரு மின்னணுப் பதிவை அழிப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 241-இன் கீழ் குற்றம். "சிக்கலான அந்த ஒரு ஃபைலை மட்டும் அழி" என்று உங்களுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் அந்த மின்னஞ்சலே உங்கள் நோக்கத்தைச் சொல்லிவிடும். வழக்கறிஞரைப் பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதிலும் எழுதாதீர்கள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், யாரையும் கேட்காமல் அழிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அது அவருடைய கதை. அவர் 15 ஆண்டுகளுக்கு மேல் சுமந்ததை முதல்முறையாக ஒரு மனிதரிடம் இறக்கியிருக்கிறார்.

அந்த இரண்டு வரிகள்

கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியது: முல்லைத்தீவில் நீங்கள் பேசிய ஒரு தாய் தேடும் மகனுக்கும் அதே வயது, அதே பகுதி, காணாமல் போனதும் அதே மாதங்கள். "ஒருவேளை அவனாக இருக்குமோ" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குப் போய்விட்டீர்கள். அங்கே நிற்க முடியாமல்தான் நகர்ந்திருக்கிறீர்கள் என்று புரிகிறது.

முதலில், அந்தத் தாயிடம் இப்போது எதுவும் சொல்லாதீர்கள். அந்த மாதங்களில் அந்தப் பகுதியில் பிடித்துச் செல்லப்பட்ட 16 வயதுப் பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்ல. வயதும் ஊரும் பொருந்துவது அடையாளம் ஆகாது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023-இல் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோது எலும்புகள் வந்ததும், எத்தனை தாய்மார் அது தன் பிள்ளையோ என்று பதறினார்கள் என்று உங்களுக்கே தெரியும். உறுதியில்லாத ஒன்றைச் சொல்லி அவரை இன்னொரு முறை அப்படிப் பதற வைக்க வேண்டாம்.

ஆனால் சும்மா இருந்துவிடுங்கள் என்றும் என்னால் சொல்ல முடியாது. ரகசியம் காப்பது, தகவல் கொடுப்பது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைக்கிறீர்கள். வட அயர்லாந்தே மூன்றாவது வழியைக் காட்டியது. கொன்று ரகசியமாகப் புதைக்கப்பட்டவர்களைத் தேட 1999-இல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. அதற்குக் கொடுக்கும் தகவலை யார் மீதான குற்றவியல் வழக்கிலும் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்று இரு நாடுகளும் சட்டம் போட்டன. தெரிந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் 13 பேரின் உடல்கள் குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கின்றன.

இலங்கையில் அவ்வளவு உறுதியான சட்டம் இல்லை. 2016-இன் 14-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த காணாமல் போனோர் அலுவலகத்தின் முடிவுகள் யார் மீதும் குற்றவியல் பொறுப்பை ஏற்படுத்தாது. ஆனால் குற்றம் நடந்ததாகத் தோன்றினால் விசாரணை அமைப்புகளுக்குத் தெரிவிக்க அதற்கு அதிகாரம் உண்டு. வடக்கின் தாய்மார் சங்கங்கள் அந்த அலுவலகத்தை நம்பவும் இல்லை. எனவே அந்த மனிதரை நேராக அங்கே அனுப்ப நான் சொல்ல மாட்டேன். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் இலங்கையில் காணாமல் போனவர்கள் பற்றி 16,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. ரகசியம் காத்துத் தேடுவது அதன் பணியின் அடிப்படை. அதன் ஊழியர்களைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் விதிகளே ஏற்கின்றன. புதைத்த இடம் பற்றிய தகவல் பெயரில்லாமல் போய்ச் சேர நான் முதலில் பார்க்கும் வாசல் அதுதான்.

அந்த வாசலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் அல்ல. அதற்கு முன்னால் அவருக்குத் தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும். உங்கள் வழக்கறிஞர் போதாது. உங்கள் நலனும் அவர் நலனும் ஒன்றில்லை. கட்டணம் கட்ட முடியாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நீங்கள் கொடுத்த, ஆனால் காக்க முடியாத ரகசிய வாக்கை அந்த வழக்கறிஞரால் சட்டப்படியே கொடுக்க முடியும். 19 வயதில் தானே கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவர் என்பது அவருக்குச் சாதகமாக எவ்வளவு நிற்கும், தமிழ்நாட்டில் அவர் தங்கியிருப்பதற்கு என்ன ஆபத்து வரலாம், தமிழ்நாட்டுக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரித்தால் என்ன சொல்வது, இதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவர் அந்த வழக்கறிஞர்.

அப்புறம், நீங்கள் அவரைப் பார்க்கப் போக வேண்டும். தவறான உறுதி கொடுத்துவிட்டேன், படிவத்தில் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பதிவை என்ன செய்யலாம் என்பதை அவருடைய வழக்கறிஞர் பேசிய பிறகு சேர்ந்து முடிவு செய்யலாம் என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். எழுந்து போய்விடலாம். மற்ற 40 பேரிடமும் திருத்திய படிவத்தோடு இதே போல் ஒரு முறை போக வேண்டியிருக்கும். ஆய்வு ஆறு மாதம் தள்ளிப் போனால் போகட்டும்.

முதல் பயணம் முகாமுக்கு. அன்றைக்கு ரெக்கார்டரையும் போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பேப்பரில் எதையும் குறிக்காதீர்கள். அவருக்கென்று பார்த்து வைத்த வழக்கறிஞரின் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கையில் இருந்தால் போதும்.